விடுமுறையில் இருந்ததாக எழுதப்பட்ட மச்சானுக்கு

என் பிரியமுள்ள மச்சான் கருப்பையா,

ஒன்பது வருடம் கழித்து உன்னை மச்சான் என்று கூப்பிடுகிறேன். பிரியமுள்ள என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்ததில் இரண்டு தாள் கிழிந்துவிட்டது. தெரிந்தால் நீ சிரிப்பாய். "போட்டுத்தான் பாரேன் மாப்ளே, மையா தீந்துறப் போவுது" என்பாய்.

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை. காலேஜைத் திறந்துவிட்டார்கள். உன் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்து, நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறார். அறிவிப்புப் பலகையில் உன் படம் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஸ் ரூட் பட்டியலை ஒட்டினார்கள். ஒட்டியவன் நான்தான். அது என் வேலை.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் நம் இருவருக்கும் தெரிந்த சிலவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நாம் ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குப் பாடம் நடத்தப் போனவர்கள். நீ இயற்பியல், நான் கணிதம். உன் தங்கை கோமதி என் மனைவி. நீ துணை முதல்வர் வரைக்கும் போனாய். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் ஒன்பது வருடமாகப் போக்குவரத்துப் பொறுப்பாளர். பிள்ளைகள் என்னை 'பஸ் சார்' என்கிறார்கள். என்னிடம் கணிதம் படித்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை.

ஏப்ரல் கடைசியில் நம்மிடம் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்களே, அதையும் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். மே முதல் தேதியிலிருந்து எல்லா ஆசிரியர்களுக்கும் கோடை விடுமுறை என்று அதில் இருக்கும். வரிசையில் நின்று போடுவோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே ஆட்கள் காலேஜ் வேனில் ஏறி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போவோம். தலைக்குப் பத்து அட்மிஷன். பத்து சேராதவர்கள் மாதக் கூட்டத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஐம்பது வயதுப் பேராசிரியர்கள், சுவர் ஓரமாக, கூட்டம் முடியும்வரை. நம் பட்டச் சான்றிதழ்களின் அசலெல்லாம் நிர்வாக அலுவலர் ஏ.ஓ.வின் அறை பீரோவில் இருந்ததால் யாரும் வேறு இடம் தேடிப் போகவும் முடியாது.

இருபத்து மூன்று வருடம் அந்தப் பதிவேட்டில் நாம் கையெழுத்துப் போட்டோம். இதில் ஒரு நாள் ஒருவன் செத்தால் என்ன ஆகும் என்று நம்மில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எத்தனை பேர் எத்தனை பட்டம் படித்திருந்தோம்!

அன்று காலை உனக்கு வேன் போட்டுக் கொடுத்தது நான். பேசிக்கொள்ளவில்லை. டிரைவரிடம்தான் சொன்னேன், திருவரங்குளம் பக்கம், துணை முதல்வர் சார், சாயங்காலம் திரும்பணும் என்று. ட்ரிப் ஷீட்டிலும் அப்படியே எழுதினேன். நீ வேனுக்குப் பக்கத்தில் குடையை மடித்துக்கொண்டு நின்றாய். முகம் சாம்பலாக இருந்தது. பார்த்தேன். எனக்கென்ன என்று குனிந்துகொண்டேன். பொய் சொல்ல மாட்டேன் மச்சான், அப்படித்தான் குனிந்தேன்.

நீ விழுந்த வீட்டுக்குப் பிறகு போய்விட்டு வந்தேன். முந்திரிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. அந்தப் பிள்ளையின் அம்மா என்னைக் கண்டதும் பயந்துபோனார். "நாங்க ஒண்ணுமே பண்ணல சார். வேர்த்து ஊத்திக்கிட்டு வந்தாரு, ஒக்காருங்கன்னேன். மோரு குடுத்தேன், பாதிதான் குடிச்சாரு. கம்ப்யூட்டர் சயின்ஸுல இன்னும் நாலு சீட்டுதாம்மா இருக்கு, சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னாரு. அப்புடியே செவத்துல சாஞ்சாரு. நான் அசந்து தூங்குறாருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

நாலு சீட்டு! எழுபது இடம் காலியாகக் கிடந்தது. உன் கடைசி வார்த்தையைக்கூட உன் வார்த்தையாக விடவில்லையே அவர்கள்.

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறையான வளர்மதி என்ன கேட்டது தெரியுமா? வேறெதுவும் கேட்கவில்லை. நீ பணியில் இருந்தபோது இறந்தாய் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றுதான் காலேஜில் கேட்டது. 'பதிவேட்டின்படி அன்னாருக்கு அன்று விடுமுறை' என்று பதில் வந்தது. மூன்று மாதமாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வேலைதான் உன்னைக் கொன்றது என்று தங்கச்சி அரசாங்கத்துக்கு ஒரு மனு அனுப்பிவிட்டது. விசாரணைக்குத் தேதியும் வந்துவிட்டது. நாளைதான் அது.

போன வாரம் ஏ.ஓ. என்னைக் கூப்பிட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"இங்கிட்டு வாங்க சார், ஃபேனுக்கு அடியில. டீ சொல்லவா?"

"விஷயத்தைச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ஸ்டாஃப் எல்லாருமா சேந்து ஒரு விளக்கம் குடுக்குறோம். முப்பத்தொரு பேரு போட்டாச்சு. நீங்க போட்டா குடும்பத்துல ஒருத்தரே சொன்ன மாதிரி ஆயிரும். அப்பறம் அந்த மே மாச ட்ரிப் ஷீட் புக்கு, அதையும் கொஞ்சம் நம்மகிட்ட குடுத்துருங்க. ஆடிட்டு."

"பஸ் ட்ரிப் ஷீட்டுக்கு எந்தக் காலத்துல ஆடிட்டு நடந்துச்சு?"

"இந்த வருஷத்துலேருந்து" என்று சிரித்தார்.

தாளை வாசித்தேன். நல்ல தமிழ். உனக்குப் பணிச்சுமை ஏதும் இல்லையாம். குடும்பக் காரணங்களால் சில காலமாக மனநிலை பாதிக்கப்பட்டிருந்தாயாம். விடுமுறையில் சொந்த அலுவலாகத் திருவரங்குளம் போனாயாம். அடியில் முப்பத்தொரு கையெழுத்து. உன் துறையில் உன்னோடு டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வேதியியல்காரர் பச்சை மையில் போட்டிருந்தார். உன் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறிய ஆள் அவர்.

மனநிலை பாதிப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஏ.ஓ. உன் ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். "அவரே எழுதிக் குடுத்துருக்காரு சார். நாங்களா சொல்லல."

மூன்று கடிதம். இரண்டு வருடத்தில் மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய். தூக்கம் இல்லை. கூட்டத்துக்கு முதல்நாள் வாந்தி வருகிறது. திருச்சியில் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். இந்த ஆண்டு அட்மிஷன் பொறுப்பிலிருந்து மட்டுமாவது விடுவிக்க வேண்டுகிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தாளாளர் 'பேசவும்' என்று எழுதிச் சுழித்திருக்கிறார். யார் யாரிடம் பேச வேண்டும் என்று இல்லை. யாரும் பேசவும் இல்லை. நீ உதவி கேட்ட கடிதங்கள் இப்போது உனக்கு எதிரான சாட்சிகளாக அந்த ஃபைலில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன.

மூன்றாவது கடிதத்தில் மருத்துவர் பெயர் இருந்தது. மச்சான், அது என் மருத்துவர். நான் சனிக்கிழமைகளில் போகிறேன். நீ வியாழக்கிழமைகளில் போயிருக்கிறாய். அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வருடம். ஏன் என்னிடம் சொல்லவில்லை? இந்த மாவட்டத்தில் உனக்கு வந்தது என்னவென்று சொல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் நான் ஒருவன் இருந்தேனே!

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

படிக்கிறவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். அடுத்த வரி வரவில்லை. வகுப்பு காத்திருந்தது. கை நடுங்கியது. அந்த வருடம் எனக்கு நாலு அட்மிஷன்தான் சேர்ந்திருந்தது. இரண்டு கூட்டத்தில் சுவர் ஓரம் நின்றிருந்தேன். மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். திருச்சிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் நீ இருந்தாய். நார்த்தாமலை விலக்கு தாண்டும்போது உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ என் தொடையில் கை வைத்தாய். "லீவு லெட்டர்ல இத எழுதிராத மாப்ளே. மஞ்சக்காமாலைன்னு எழுது. நான் சர்ட்டிபிகேட் வாங்கித் தாரேன். கோமதிக்கும் காமாலைன்னே இருக்கட்டும், பாவம், பயந்துரும்" என்றாய்.

நம்மைப் போன்றவர்களுக்குக் காமாலைதான் வசதி. யாருக்கும் வரலாம், கௌரவமான நோய். கேட்டவர்கள் எல்லாரும் கீழாநெல்லியோடு வந்தார்கள். வேதியியல்காரர் என் இமையை இழுத்துப் பார்த்து, "வெள்ளையாத்தான் இருக்கு, கொறைஞ்சிருச்சு சார்" என்றார். கோமதி நாற்பது நாள் எண்ணெய் இல்லாமல், புளி இல்லாமல், உப்பை ஒரு சிட்டிகையாக்கிச் சோறு போட்டாள். மனம் நொந்தவனுக்கு நாக்கும் செத்தது. ரசத்துக்கு ஏங்கியே பாதி குணமானேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பிப் போன அன்று எனக்கு வகுப்பு இல்லை. போக்குவரத்துப் பொறுப்பு என்று ஆணை. ஏன் என்று கேட்டதற்கு இதே ஏ.ஓ. இதே மேசையில் ஒரு தாளைக் காட்டினார். 'திரு. சின்னத்துரை அவர்களின் மனநிலை வகுப்பு எடுக்கும் அளவில் இல்லை. மாணவர் நலன் கருதி வேறு பணி கொடுக்கலாம்.' உன் எழுத்து. கல்லூரி விடுதியில் ஒரே விளக்கில் படித்தவன் எனக்கு உன் எழுத்து தெரியாதா? அடுத்த மாதம் நீ இயற்பியலும் கணிதமும் சேர்ந்த முதலாண்டுத் துறைக்குத் தலைவர் ஆனாய்.

வண்டி நிறுத்துமிடத்தில் உன்னை மறித்துக் கேட்டேன். நீயா எழுதினாய்? "ஒன் நல்லதுக்குத்தான் மாப்ளே. கொஞ்ச நாளைக்கு ஓய்வா இருக்கட்டும்னு" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. கொஞ்ச நாள் ஒன்பது வருடமாக நீண்டது. நீ தலைவனாக இருந்த துறைக்கு என்னைத் திரும்பக் கூப்பிட ஒரு வரி போதுமே, அதை ஏன் எழுதவில்லை?

பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்குச் சீர் எடுத்துக்கொண்டு வருவாய். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போய்விடுவேன். கீழே இருந்து, "என்னாங்க மாப்ளே, டேங்க்குல தண்ணி நெறஞ்சிருச்சா?" என்று கத்துவாய். கேலியா, கெஞ்சலா? ஒன்பது தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆக, ஏ.ஓ. அறையில் அன்று என் முன்னால் அந்தத் தாள் இருந்தது. "ஒங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா சார்? இந்த செமஸ்டர்லேருந்து முதலாண்டு மேத்ஸு ஒங்களுக்குத்தான். தாளாளரே சொல்லிட்டாரு" என்றார் ஏ.ஓ. நான் பேனா மூடியைத் திறந்தேன். மறைக்க விரும்பவில்லை. திறந்தேன். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உனக்கு எதிராக அதே மேசை, அதே சொற்கள், என் கை. நான் தேடாமலே என் முன் வந்து உட்கார்ந்திருந்தது. கரும்பலகையும் அந்தப் பாதிக் கணக்கும் கண்ணுக்குள் வந்தன.

நாளைக்குப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நல்லவனாக இருந்ததால் வரவில்லை. கை நடுங்கியது, கையெழுத்துச் சரியாக விழாதென்று வந்தேன்.

வீட்டில் கோமதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையும், நீ என்னைப் பற்றி எழுதிய அந்தப் பழைய தாளையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், ஏனோ, பழைய பொய்யையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

"எனக்குக் காமாலையெல்லாம் ஒண்ணும் வரல கோமதி. மனசுலதான் நோவு. ஒன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். நிமிரவில்லை.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. நீங்க பஸ்ஸுல சொன்ன மறுநாளு அண்ணன் வந்து சொல்லிருச்சு. மாத்திரைய தெனமும் எண்ணிப் பாத்துக்க, வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காதன்னுச்சு."

"அப்பறம் எதுக்குடி நாப்பது நாளு உப்பில்லாமப் போட்டுக் கொன்ன?"

"நீங்க காமாலைன்னீங்க. காமாலைக்கு என்ன போடணுமோ அதத்தான போட முடியும்? கொழம்பு ஊத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பறம் தலைய எங்க கொண்டுபோய் வச்சுக்குவீங்க?"

உன் குடும்பமே இப்படித்தானா மச்சான்? ஒருத்தி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பட்டினி போட்டிருக்கிறாள். ஒருத்தன் காப்பாற்றுவதாகச் சொல்லி வகுப்பைப் பிடுங்கியிருக்கிறான். நான் பஸ்ஸில் உன்னிடம் மட்டும் சொன்னதை நீ எத்தனை பேரிடம் சொன்னாய்? அக்கறையில் ஓரிடத்தில் சொன்னாய். இன்னோரிடத்தில் எதற்காகச் சொன்னாய்? எனக்கு ஓய்வு வேண்டும் என்றா, உனக்கு நாற்காலி வேண்டும் என்றா? இரண்டும்தானா? இதற்குப் பதில் சொல்ல நீ இல்லை. அதற்காகவும் உன்மேல் கோபம் வருகிறது.

"அண்ணன் அந்த லெட்டர் எழுதுனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே அதை உண்டு இல்லைன்னு ஆக்கிருப்பேன்" என்றாள் கோமதி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கையெழுத்துப் போடணும்னா போடுங்க, நான் தடுக்கல. ஆனா அண்ணனுக்கு என்ன நோவுன்னு அதுல எழுதிருக்காங்களோ, அதே நோவுதான் எனக்கும்னு அடியில எழுதிட்டுப் போடுங்க."

அவள் படித்தது பிளஸ் டூ. நான் டாக்டர்.

அதற்குமேல் அந்தத் தாளுக்கு என்னிடம் வேலை இல்லாமல் போயிற்று. மறுநாள் ஏ.ஓ. போன் செய்தார். ட்ரிப் ஷீட் புத்தகம் என் வீட்டில் இருக்கிறது, வராது என்றேன். "ஒங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் இங்கதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும் சார்" என்றார். இருக்கிறது என்றேன். அன்றே என்னைப் பஸ் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இப்போது எனக்கு எந்த வேலையும் இல்லை. தினமும் போய், கையெழுத்துப் போட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பழைய நடுக்கம் எட்டிப் பார்க்கிறது. மாத்திரையைக் கோமதி இப்போது வெளிப்படையாகவே எண்ணுகிறாள். குழம்பில் உப்பும் புளியும் சரியாக இருக்கின்றன.

நாளை பத்து மணிக்கு வளர்மதியைக் கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போகிறேன். அந்தத் தங்கச்சி முகத்தை ஒன்பது வருடமாக நான் நேருக்கு நேர் பார்த்ததில்லை. நேற்றுப் போனபோது, "வாங்கண்ணே" என்று மட்டும்தான் சொன்னது. எனக்குத்தான் உட்காரத் தெரியவில்லை.

என் வாக்குமூலத்தை நானே எழுதிவிட்டேன். மே மாதம் நாங்கள் யாரும் விடுமுறையில் இல்லை. விடுமுறை என்று நானும் கையெழுத்துப் போட்டேன், அது பொய். அன்று காலை அவருக்கு வண்டி போட்டவன் நான், இதோ என் கையெழுத்து. இதோடு நின்றிருக்கலாம். ஆனால் என்னைப் பைத்தியம் என்று சொல்லித்தான் இதை உடைப்பார்கள். அதற்கான தாளை நீயே எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறாய். அதனால் நானே முதலில் சொல்லப் போகிறேன். எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது, ஒன்பது வருடமாகச் சிகிச்சையில் இருக்கிறேன், அது இந்த வேலையில் வந்தது, இவருக்கும் இந்த வேலையில்தான் வந்தது என்று. காமாலை என்று இனிமேல் எந்தத் தாளிலும் எழுத மாட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், நீயும் நினைக்காதே. நீ எழுதிய இரண்டு வரி எனக்கு மனப்பாடம். அதற்கான சண்டை நமக்குள் அப்படியே நிற்கிறது. ஆனால் அது நம் சண்டை. அதை அந்த முப்பத்தொரு பேரிடமும் தாளாளரிடமும் நான் கொடுக்க மாட்டேன். உன்னைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்ல இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் பாத்தியதை உண்டு.

நாளை அந்த அறையில் உன்னைப் பற்றி என் வாயிலிருந்து உண்மை மட்டும்தான் வரும், மச்சான். வாக்குக் கொடுக்கிறேன். திட்டுவதெல்லாம் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீ பெண் கொடுத்த,
உன்னோடு இன்னும் பேச்சு முடியாத மாப்பிள்ளை,
சின்னத்துரை